எல்லாப் பக்கத்திலும் ஒரு கட்டைவிரல்

நான் மலேசியாவில், ரிங்லெட் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் ஈப்போவில் ஒரு நாவல் வாங்கினேன். "படிச்சிட்டு எனக்குக் குடு லா" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒரே புத்தகத்தை எத்தனை பேருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். புண்ணியம் செய்ததாகத்தான் நினைப்பு.

சில மாதம் கழித்து அந்த எழுத்தாளரே எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பேச வந்தார். பேச்சின் நடுவே கைப்பேசியை உயர்த்திக் காட்டினார்.

"என் நாவல் கோலாலம்பூர் வரைக்கும் இப்படித்தான் சுத்துது. யார் வேலைன்னு தெரியல. ஆனா எல்லாப் பக்கத்துலயும் இந்த விரல் இருக்கு."

கொழுந்து வெட்டும் கத்தரியில் பாதி நகம் போன என் இடது கட்டைவிரல்! கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு லெட்சுமி விடவில்லை. "வாக்கா, கையெழுத்து வாங்கலாம்" என்று வரிசையில் தள்ளிவிட்டாள். பெரியவர்களிடம் நீட்டும் பழக்கத்தில், புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டிவிட்டேன்.

அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் மண்டபமே என் பக்கம் திரும்பும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நீங்க ஒருத்தராச்சும் வாங்குனீங்களேம்மா. மத்ததெல்லாம் வீட்ல பெட்டி பெட்டியா கெடக்குது."

படங்களை அழிக்கச் சொல்லி அன்றே குழுவில் கெஞ்சினேன். இப்போது கேட்பவர்களுக்குப் புத்தகத்தையே கையில் கொடுக்கிறேன். காத்திருக்க முடியாதவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனாலும் பஸ்ஸில் யாராவது கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கும் என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது.