இரண்டு பள்ளிக்கும் நடுவில் நின்ற லோர்னா

ஸ்டேன்பெக்கில் ஆலைச் சாலையின் ஒரு பக்கம் சின்னப் பள்ளி, மறுபக்கம் பெரிய பள்ளி. நாலு வயதில் சின்னப் பள்ளியில் சேரும் பிள்ளை ஏழு வயதில் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். பதினொரு வயதுவரை அங்கே படிக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தலைமையாசிரியர், தனித்தனிச் சீருடை, தனித்தனி நிர்வாகக் குழு. இரண்டு குழுவின் கூட்டங்களுக்கும் குறிப்பெழுதும் வேலை எனக்கு. இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இரண்டு வாசலுக்கும் நடுவில் காலையும் மாலையும் நிற்பவர் லோர்னா ஹோல்ராய்ட். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு, கையில் ஆளுயரக் கம்பு, கம்பின் நுனியில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. அதைத் தூக்கிக்கொண்டு சாலை நடுவே போய் நின்றால் லாரியும் நிற்கும். கம்பும் வட்டப் பலகையும் குச்சி மிட்டாய் போல இருப்பதால் பிள்ளைகளுக்கு அவர் லாலிபாப் அம்மா.

மூன்று தெரு தள்ளிப் பிறந்தவர். பதினாறு வயதில் கம்பள ஆலைக்குப் போய், தறியிலிருந்து வரும் கம்பளத்தைத் தடவி முடிச்சும் பிசிறும் கண்டுபிடிக்கும் வேலையில் இருபத்தொரு வருஷம் இருந்தார். ஆலையை மூடியதும் இந்தக் கம்பைக் கையில் எடுத்தார். அது ஆயிற்று இருபத்திரண்டு வருஷம்.

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் லோர்னாவால் விடமுடியாது. தினமும் எட்டே முக்காலுக்கு வரும் ரொட்டி வேன் ஒரு வாரம் ஒன்பதுக்கு வந்தது. பலகையைக் காட்டி வேனை நிறுத்தி, "ஏம்பா லேட்டு?" என்று கேட்டார். அடுப்பு மாற்றுகிறார்கள் என்று ஓட்டுநர் சொன்ன பிறகுதான் போகவிட்டார்.

அப்படி அவருக்கு நெடுநாளாக விடை கிடைக்காத ஒரு கேள்வி இருந்தது. ஜூன் மாதத்தில், சின்னப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பார்கள். வேனில் எழுதியிருப்பது, குப்பைத் தொட்டியில் ஒட்டியிருப்பது, அவர் கையிலிருக்கும் பலகை. சத்தமாக, எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாக. ஆகஸ்டோடு கோடை விடுமுறை முடிந்து அதே பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போவார்கள். அக்டோபர் வந்தால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அதே வேன், அதே தொட்டி.

"வளர்ந்துட்டாங்க, அதான்" என்று ஒரு முறை சொன்னேன்.

"இருக்கலாம் கண்ணு. ஆனா நாலே மாசத்துலயா?" என்றார்.

நவம்பரில், பள்ளிகளை நடத்தும் ஊர்க் கவுன்சிலிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். கருத்துக் கேட்புக் கூட்டம் சின்னப் பள்ளி மண்டபத்தில். லோர்னாவுக்குக் கடிதம் வரவில்லை. அவருக்குப் பள்ளி வயதில் பிள்ளை இல்லை. மகன் நீல் யார்க் நகரில் ரயில்வே சிக்னல் பழுதுபார்க்கிறான். சாலையோரம் ஒரு தாயின் தள்ளுவண்டிக் கூரைமேல் கிடந்த கடிதத்தைக் குனிந்து வாசித்துத்தான் தெரிந்துகொண்டார்.

கூட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தோம். கவுன்சில் அதிகாரி சஜிதா மிர்ஸா, முப்பது வயதுப் பெண், திரையில் படம் காட்டிப் பேசினார். ஒரே தலைமை, ஒரே பாடத்திட்டம், பிள்ளைகளுக்குத் தடங்கல் இல்லாத படிப்பு.

"சேர்க்கறதுன்னா எப்படி?" என்று ஒரு தகப்பன் கேட்டார்.

"நடைமுறை என்னன்னா, ஒரு பள்ளியை மூடிட்டு இன்னொன்னோட வயசு வரம்பை நீட்டுவோம்."

"எதை மூடுவீங்க?"

மிர்ஸா தண்ணீர் குடித்தார். "சின்னப் பள்ளியை. ஆனா தாள்ல மட்டும்தாங்க. கட்டடம் இருக்கும், டீச்சர்ங்க இருப்பாங்க."

"தாள்ல மட்டும் செத்தவனுக்கு யாராவது சம்பளம் குடுத்துப் பாத்திருக்கீங்களா?" என்று சின்னப் பள்ளிச் சமையல்கார அம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். மண்டபமே கைதட்டியது. பிறகு சீருடை யார் வாங்கித் தருவது, கார் எங்கே நிறுத்துவது, பள்ளிக்கு என்ன பெயர் என்று ஒரு மணி நேரம் போயிற்று. நான் மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

லோர்னா எழுந்தார். மஞ்சள் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"எனக்குக் கடிதம் வரலை. இருந்தாலும் கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க."

"ஒரு பிள்ளை இந்த வாசல்லேர்ந்து என் ரோட்டைத் தாண்டி அந்த வாசலுக்குப் போகுதில்ல. அப்ப அது கூட என்ன போகுது?"

"சாப்பாட்டு டப்பா!" என்றார் யாரோ. சிரிப்பு.

மிர்ஸா சிரிக்கவில்லை. "கோப்பு போகும். பிள்ளை என்ன படிச்சுது, எப்படிப் படிச்சுதுன்னு."

"ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பக்கம்" என்று சின்னப் பள்ளித் தலைமையாசிரியை மிஸஸ் பிரிட்மோர் எடுத்துக் கொடுத்தார். "ஜூலை மாசம் பூரா எங்க டீச்சர்ங்க உட்கார்ந்து எழுதறாங்க."

"சரி. அதை யாரு வாசிக்கிறாங்க?" என்றார் லோர்னா.

எல்லோரும் பெரிய பள்ளித் தலைமையாசிரியர் மிஸ்டர் கார்சைட் பக்கம் திரும்பினார்கள். உயரமான மனிதர். அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவே நேரமாயிற்று. காது இரண்டும் சிவந்திருந்தது.

"உண்மையைச் சொல்லிடறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தக் கோப்பு வர்ற கவரை நாங்க பிரிக்கறதில்ல. செப்டம்பர்ல நாங்களே ஒரு தேர்வு வச்சுப் பாக்கறோம். எந்தப் பிள்ளையும் முதுகுல முத்திரையோட எங்க வாசலுக்குள்ள வரக்கூடாது. புதுசா ஆரம்பிக்கட்டும். அதுதான் என் கொள்கை."

"எத்தனை வருஷமா?" என்று மிஸஸ் பிரிட்மோர் கேட்டார்.

"நான் வந்ததுலேர்ந்து. ஒன்பது வருஷமா."

"ஒன்பது ஜூலை மாசம்!" என்றார் மிஸஸ் பிரிட்மோர். இதைக் குறிப்பில் எப்படி எழுதுவதென்று தெரியாமல் நான் பேனாவை மூடினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பள்ளிக்கும் தாள்கள் கொடுக்க நான் போனபோது, மிர்ஸா சாலையோரம் லோர்னா பக்கத்தில் நின்றிருந்தார். சிறு ஆலங்கட்டி மழை. மிர்ஸாவின் காலில் மெல்லிய அலுவலகச் செருப்பு.

"இந்தச் செருப்போட யார் உன்னை அனுப்பினது?" என்றார் லோர்னா.

"யாரும் அனுப்பலை. நானாத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க ஏன் அப்படிக் கேட்டீங்க?"

லோர்னா நாலு பிள்ளைகளைச் சாலை தாண்டவிட்டுத் திரும்பி வந்து சொன்னார். அந்தக் கதையை நானும் அன்றுதான் முதல் முறை கேட்டேன்.

"நான் இந்தச் சின்னப் பள்ளியிலதான் படிச்சேன். ஆறு வயசுலயே தடித்தடியா புத்தகம் வாசிப்பேன். ஆனா வாயாடி இல்ல. புதுசா யாரையாவது பாத்தா பேச்சே வராது. அந்தப் பக்கம் போன முதல் வாரம் டீச்சர் வாசிக்கச் சொன்னாங்க. நின்னேன், வாய் திறக்கல. கடைசி மேசையில உக்கார வச்சு, பூனை, பந்துன்னு படம் போட்ட புத்தகத்தைக் குடுத்தாங்க. ஒரு வருஷம் அதையே பாத்துட்டு இருந்தேன்."

"எனக்குப் படிக்கத் தெரியும்னு நீங்க சொல்லலையா?"

"சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் அந்த மேசையில இருக்கப்போறேன்?"

மிர்ஸா தலையசைத்தார். "அப்ப கோப்பு வாசிக்கணும், பள்ளி ஒன்னா இருந்தா இப்படி ஆகாது. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"அவசரப்படாத கண்ணு." லோர்னா மறுபடி சாலை நடுவே போய் வந்தார். "என் பையன் நீல் சின்னப் பள்ளியில பிள்ளைங்களைக் கடிப்பான். அஞ்சு வயசுல நாலு பேரைக் கடிச்சான். அப்புறம் நிறுத்திட்டான். ஆனா ஏழு வயசு வரைக்கும் யாருக்குக் கையில கீறல் பட்டாலும் நீல்தான். அந்தப் பக்கம் போனதும் அப்ப இருந்த டீச்சருக்கு ஒன்னும் தெரியாது. முதல் நாளே மணி அடிக்கிற வேலை குடுத்தாங்க. வீட்டுக்கு ஓடியே வந்தான், சொல்றதுக்கு."

"அப்ப பிரிக்காம வைக்கிறதும் சரியா?"

"அவனுக்குச் சரி. எனக்குத் தப்பு."

"சேர்க்கணும்கறீங்களா, வேணாங்கறீங்களா?"

"தெரியலையே. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேனா?"

மிர்ஸா சிரித்துவிட்டார். கவுன்சிலில் அவரைக் கருத்துப் படிவங்களை எண்ணிவிட்டு வரச்சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான் வேலை. ஆனால் லோர்னாவின் கேள்வி அவரையும் பிடித்துக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு தலைமையாசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். பெற்றோரிடம் அனுமதி வாங்கி, அந்த வருஷம் சாலை தாண்டிய ஐந்து பிள்ளைகளின் கவர்களைப் பிரிக்கச் சொன்னார். பக்கத்தில் செப்டம்பர் தேர்வுத் தாள்கள். குறிப்பெழுத நான் இருந்தேன். கார்சைட்டின் அறையில் தேநீர் ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை.

மூன்று பிள்ளைகள் விஷயத்தில் கவரும் தேர்வும் ஒத்துப்போயின. நாலாவது ஒரு பெண். தனியாக முழுப் புத்தகம் வாசிப்பாள், கூட்டத்தில் பேசமாட்டாள் என்று கவரில் எழுதியிருந்தது. செப்டம்பரில் அவள், எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்கான பயிற்சிக் குழுவில் போடப்பட்டிருந்தாள். கார்சைட் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இவ என் ரூமுக்கு வெளியில தினமும் நிக்கறா. ஏன்னு ஒரு நாள் கூடக் கேக்கலை நான்" என்றார்.

ஐந்தாவது ஒரு பையன். 'சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான், மற்றவர்களைக் கெடுப்பான்' என்றிருந்தது. பெரிய பள்ளியில் அவன்தான் நூலகப் பொறுப்பாளன். தன்னோடு புதிதாக வந்த மற்ற பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவனும் அவன்தான்.

"இதை எந்த டீச்சர் எழுதினாங்க?" என்று மிர்ஸா கேட்டார்.

"நான்" என்றார் மிஸஸ் பிரிட்மோர். "அவனைப் பாக்கலாமா?" என்று கார்சைட்டிடம் கேட்டார். இருவரும் நூலகத்துக்கு நடந்து போனார்கள். எனக்குத் தெரிந்து அந்த அம்மாள் பெரிய பள்ளிக்குள் வகுப்பறைவரை போனது அன்றுதான் முதல் முறை.

பிப்ரவரியில் கவுன்சில் முடிவு செய்தது. பள்ளிகள் ஒன்றாகும், கட்டடங்கள் இரண்டும் இருக்கும். ஆகஸ்டு முப்பத்தொன்றோடு சின்னப் பள்ளி தாளில் மூடப்பட்டது. மிஸஸ் பிரிட்மோர் ஓய்வு பெற்றார். கடைசி நாளில் சமையல்கார அம்மாள் பெரிய பலாக்காய் அளவுக்கு ஒரு கேக் செய்து, "தாள்ல மட்டும்" என்று கிரீமால் எழுதியிருந்தார். ஒன்றான பள்ளிக்கு கார்சைட் தலைமையாசிரியர்.

முடிவறிக்கை நாற்பது பக்கம். இருபத்தேழாம் பக்கத்தில், பிள்ளைகள் சாலை தாண்டியதும் சேரும் மூன்றாம் வகுப்பின் ஆசிரியர்கள் ஜூலையில் ஒரு வாரம் சின்னப் பள்ளிக் கட்டடத்துக்குப் போய் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், கோப்பில் பிள்ளையின் படிப்பு மட்டும் இருக்க வேண்டும், நடத்தை பற்றிய பழைய குற்றங்கள் கூடாது என்று ஒரு பத்தி இருந்தது. 'உள்ளூர்வாசி ஒருவர் எழுப்பிய கேள்வியின் அடிப்படையில்' என்று போட்டிருந்தார்கள். நான் அதை லோர்னாவிடம் காட்டினேன்.

"உள்ளூர்வாசின்னா நானா?"

"நீங்கதான்."

"பேரு போட்டா என்ன, மை தீர்ந்துபோகுமா?" என்றார். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச்சொல்லி, மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதிய ஏற்பாட்டில் சாப்பாட்டு மண்டபம் ஒரு பக்கம்தான். மறுபக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் மதியம் சாலை கடக்க வேண்டியதாயிற்று. வேலை போய்விடுமோ என்று உள்ளூரக் கவலைப்பட்டிருந்த லோர்னாவுக்கு மதியமும் வேலை வந்தது.

அக்டோபரில் அவரிடம் கேட்டேன்: "இப்ப வாசிக்கிறாங்களா?"

"சில பேர். போன வாரம் ஒரு பொண்ணு வேன்ல எழுதினதை முழுக்க வாசிச்சா. ஆனா முன்னாடி எத்தனை பேர்னு நான் எண்ணியே வைக்கலையே! இருபத்திரண்டு வருஷம் சும்மா நின்னிருக்கேன், பாரு." தன்மேலேயே அவருக்கு நிஜமான கோபம்.

ஜனவரியில் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாயிற்று. கார்சைட்டே மழையில் நனைந்துகொண்டு போய் லோர்னாவைக் கேட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று லோர்னா முதலில் மறுத்தார். "கேள்வி கேக்கறதுதான் வேலை" என்று கார்சைட் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

முதல் கூட்டத்தில் அவர் ஒன்பது கேள்வி கேட்டார். எட்டுக்குப் பதில் கிடைத்தது. பள்ளி ஏன் ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொடங்குகிறது, ஏன் ஒன்பதுக்கே தொடங்கக்கூடாது என்பது ஒன்பதாவது. கார்சைட் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் கண்டுபிடித்து வரும்படி என் பெயரையே எழுதச்சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். லோர்னாவும் வருகிறேன் என்கிறார்.