தலைவரின் பிடரி

அறுபத்திரண்டு வாரம் அவர் டிவியில் வந்தார். ஒரு வாரம்கூட முகம் வரவில்லை.

கறுப்பு வெள்ளைக் காலத்து உளவுத் தொடர் அது. அதில் 'சாம்பல் வட்டம்' என்றொரு சதிகாரக் கும்பல். வாரா வாரம் உலகத்தை அழிக்கத் திட்டம் போடும். வாரா வாரம் மண்ணைக் கவ்வும். கும்பலின் தலைவர் சுழல் நாற்காலியில் முதுகைக் காட்டியபடியே உத்தரவிடுவார். குரல் ஒரு வானொலி அறிவிப்பாளருடையது. முதுகும் பிடரியும் இவருடையவை. பகலில் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலமானால் ஊர்க் குடிநீரில் விஷம் கலக்கச் சொல்லும் வேலை.

கடைசிப் பாகத்தில் தலைவர் திரும்புவார் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை படப்பிடிப்பு ஆட்கள்கூட அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் போன பிறகு எழுந்திருப்பார். கடைசிப் பாகம் எடுப்பதற்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். இயக்குநரும் போய்ச் சேர்ந்தார். கட்டிக் காத்த ரகசியத்தைக் கேட்க நாதியில்லாமல் போயிற்று.

அக்காவிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

"போடா. முதுகுன்னா எல்லாருக்கும் ஒரே முதுகுதான்."

அந்த அக்காவும் இப்போது இல்லை. இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாடியில் ஓர் அறை, ஒரு தட்டு, ஓடாத டிவி.

போன மாதம் பழைய ரசிகர்கள் ஓர் அரங்கில் அந்தத் தொடருக்கு விழா எடுத்தார்கள். குரல்காரருக்கு மேடையில் இடம். இவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். ஒரே ஒருவராவது 'நீதான் அது' என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

உட்கார்ந்த சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"தலைவரே!"

திரும்பினார். அவர் வயதையொத்த ஓர் அம்மாள். குரல் உடனே அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்காமல் இருக்க அவர் பிடரியில் பவுடர் போட்ட ஒப்பனைக்காரி. அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்வை அணைந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். வேற ஆளுன்னு நினைச்சுட்டேன்."

"நான்தாம்மா அது."

"அட போங்க சார்! இன்னைக்கு இதைச் சொல்ற நாலாவது ஆளு நீங்க. எங்க தலைவர் ராஜா மாதிரி இருப்பாரு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்கணுமா என்ன? பிடரி சொல்லாதா?"

விளக்குகள் மங்கின. அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். மேடையில் குரல்காரர் உலகத்தை மிரட்டிக்கொண்டிருந்தார். அரங்கம் கைதட்டியது. இவர் மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோய், ஒற்றை விரலால் சட்டைக் காலரைக் கீழே இழுத்துப் பிடித்தார். பவுடருக்காக அன்றைக்குப் பிடித்ததைப் போலவே. அது எந்தப் பாகத்திலும் வந்ததில்லை.

திரும்பிப் பார்க்கலாம்தான். திரும்பினால் மறுபடியும் வேறு ஆளாகிவிடுவார்.

கை வலித்தது. விடவில்லை.

"மூச்சை அடக்குங்க தலைவரே," என்றது குரல், காதுக்கு மிக அருகில். "பவுடர் மூக்குல ஏறிடும்."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

விளக்குகள் எரிந்தபோது பின்நாற்காலி காலியாக இருந்தது. பேருந்து பிடித்துத் தனியாக அறைக்கு வந்தார். வரும் ஞாயிறு முதல் அந்தத் தொடரை மறுபடி ஒளிபரப்புகிறார்கள். டிவி ரிப்பேர்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.