அண்ணாச்சி வீட்டுக் குளிர் மிஷின்

குளிர் மிஷின் மெக்கானிக்குக் கைவேலை பாதி, அதை விளக்கிச் சொல்வது மீதி. எனக்கு இரண்டிலும் தடுமாற்றம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம், மதராஸ் கம்பெனி ஒன்று நான்கு நாள் பாடம் நடத்தி என்னைத் தென்காசிக்கு அனுப்பியது. அரிசி மில் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு நெஞ்சு பலவீனம். வெக்கை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் மிஷினை மாட்டி, ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தனக்கே சரியாகப் புரியாததை அடுத்தவருக்குப் புரியவைக்கும் உத்தியோகத்தில் அகப்பட்டவர்களுக்கு என் பாடு தெரியும்.

ஐஸ் வைக்கும் இடம்

பீரோ அளவு மிஷினைப் படுக்கையறையில் நிறுத்தினேன். அண்ணாச்சியின் மனைவி கோமதி ஆச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, காயும்போது அது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதிலும் குழாய்க்குள் ஒரு திரவம் ஆவியாகி ரூம் சூட்டை வாங்கும், வெளியே அதைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகத் திரும்பும் என்று ஒப்பித்தேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி, ஐஸ் கட்டியை எங்கன வைக்கணும்?"

தானே நிற்கும், தானே ஓடும்

மூன்றாம் நாள், குற்றாலத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் அண்ணாச்சி வீட்டு ஜட்கா வந்து நின்றது. மிஷின் நின்றுவிட்டதாம். பதறிப் போனேன். போய்த் திருப்புளியை எடுத்ததும் அது தானாக ஓடியது. மறுநாளும் இதே கதை.

மூடியைக் கழற்றித் தரையெல்லாம் திருகாணி பரப்பிய பிறகுதான், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்னக் குமிழ் கண்ணில் பட்டது. நான்காம் நாள் பாடம்; அன்று நான் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ரூம் வேண்டிய அளவு குளிர்ந்ததும் குமிழுக்குள் இருப்பது சுருங்கி ஸ்விட்சை அணைக்கும். சூடு ஏறினால் விரிந்து மறுபடி போடும். பழுதே இல்லை. அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்:

"நின்னாலும் அது இஷ்டம், ஓடுனாலும் அது இஷ்டம். நான் வாங்குனது மிஷினா, இன்னொரு மருமகனா?"

திறந்த ஜன்னல்

அடுத்த வாரம் நல்ல உச்சி வெயிலில் மறுபடி ஜட்கா. இந்தத் தடவை நிஜமாகவே பயந்துவிட்டேன். அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மிஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ரூம் அனலாகக் கிடக்கிறது. பார்த்தால் நான்கு ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. சாத்திவிட்டு விசிறியை எடுத்து அவருக்கு வீசினேன். அரைமணி நேரத்தில் ரூம் குளிர்ந்து அவருக்கு மூச்சு சீரானது. ஏன் திறந்தீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டேன். அழுத கண்ணோடு அவர் திருப்பிக் கேட்டார்:

"சூடு வெளிய போவணும்னு நீங்கதான சொன்னிய? ஜன்னலை அடைச்சா அது எந்த வழியா போவும்?"

அடுத்த வீட்டுப் புகார்

மிஷின் சுவர் வழியாக வெளியே கக்கும் வெக்கை பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் முற்றத்தில்தான் விழுந்தது. "உங்க வீட்டுச் சூட்டை எங்க தலையில கொட்டுதியளே" என்று தினமும் சண்டை. அவர் கண்ணில் படாமல் நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஊரே குளிர்ந்து கிடக்க, இனி எதற்கு மிஷின் என்று ஸ்விட்சை அணைத்தேன். கால்மணி நேரத்தில் சொர்ணம் வாசலில் நின்றார். எட்டிப் பார்த்தேன், வெக்கை வரும் வாயெதிரே வரிசையாகத் துணி காயும் கொடிகள். அவர் குரல் தணிந்திருந்தது:

"கொஞ்சம் ஓட விடுங்க தம்பி, ரெண்டு சேலை இன்னும் காயல."

ஒரு மாதத்தில் எந்த மிஷினும் வீட்டாருக்குப் பழகிவிடும். புரிவதுதான், மெக்கானிக் உட்பட, ஒருவருக்கும் நடப்பதில்லை.