ஆறு மூடி பேட்டரி

யுத்தத்துக்கு முந்தின வருஷம். மல்லசமுத்திரத்து மாரக்காளுக்கு ஒரு பழைய கார் இருந்தது. புருஷன் செத்தபோது விட்டுப்போன ஒரே சொத்து. பச்சமுத்து என்ற டிரைவரை வைத்து அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். தாலியறுத்தவள் முகம் பந்தலில் ஆகாது. அவள் காரில் மட்டும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறலாம். “எம் மூஞ்சிக்குத்தான் தீட்டு, டயருக்கு இல்ல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போன முகூர்த்தத்தில் பேட்டரி செத்துப்போய், மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் காரைத் தள்ளும்படி ஆயிற்று. ஊரே சகுனம் பேசியது. வருகிற வெள்ளிக்கிழமை இளம்பிள்ளை ஊரில் நெசவுக்கார ஜானகியம்மாள் மகளுக்குக் கல்யாணம். “இன்னொருக்கா தள்ளுனா, அப்பறம் ஒருத்தரும் உங்க காரைக் கூப்புட மாட்டாங்க” என்று ஜானகியம்மாள் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மாரக்காள் பச்சமுத்துவோடு சேலத்துக்கு பஸ் ஏறினாள். பேட்டரி கடை அருணகிரி மூன்று மூடி வைத்த ஒன்றைக் காட்டினான்.

“உங்க காருக்கு இதுதாம்மா. அந்தாண்ட இருக்கற ஆறு மூடி லாரிக்கு, கரண்டு ரெட்டிப்பு.”

நாற்பது வருஷம் சந்தையில் மாடு பிடித்தவள் மாரக்காள். விற்கிறவன் எதைக் காட்டுகிறானோ அதைத் தொடவே மாட்டாள். பெரியதைச் சுற்றி வந்தாள், தட்டினாள், தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

“ஏஞ்சாமி, மாடு புடிக்கறவகிட்ட நோஞ்சானத் தள்ளி உடப் பாக்கறயா? நல்லத ஆருக்கு ஒளிச்சு வச்சிருக்கற?”

“வேணாமுங்கம்மா, நம்ம வண்டி தாங்காதுங்க” என்றான் பச்சமுத்து.

“உன்னையும் ஒல்லியாப் பாத்துத்தான் வேலைக்குச் சேத்தேன். இப்பப் படறேன்.”

பெரியதையே வாங்கி வந்து மறுநாள் காலை மாட்டினார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. முன் ஸீட்டில் சம்பந்தி மாதிரி உட்கார வைத்து, வயரை நீட்டிக் கட்டினான் பச்சமுத்து. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் எஞ்சின் துள்ளி எழுந்தது.

“பாத்தியா? லைட்டப் போடு.”

இரண்டு விளக்கும் வெள்ளை வெளேரென்று எரிந்து, பட்டென்று அணைந்தன. பல்பு இரண்டும் போயின. பச்சமுத்து குனிந்து வயரைக் கழற்ற ஆரம்பித்தான். ‘அப்பவே சொன்னேனுங்க’ என்று அவன் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மத்தியான பஸ்ஸில் மறுபடி சேலம். கடையில் நாலு லாரி டிரைவர்கள் நின்றார்கள். வரும் வழியெல்லாம் பேட்டரியைக் குறை சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் யோசித்து வந்தாள். கடை வாசலில் அந்தப் பொய் நாக்குக்கு வரவில்லை.

“மாடு ஒத்து வரலீங்களாம்மா?” என்றான் அருணகிரி.

“மாட்டு மேல குத்தமில்ல சாமி. புடிச்ச கெழவிக்குத்தான் கண்ணவிஞ்சு போச்சு. அந்த நோஞ்சானையே குடு. பல்பு ரெண்டும் குடு.”

டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் அவர்களைவிட உரக்கச் சிரித்தாள். அருணகிரி மாற்றிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுத் தெருக்கோடியில், யார் எதிரிலும் படாமல் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றாள் மாரக்காள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். பச்சமுத்து ஸ்டார்ட்டரை அழுத்தினான். முதல் அழுத்திலேயே கார் கிளம்பிப் போயிற்று. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓடுகிற காரைப் பற்றி யார் பேசுவார்கள்?

கூட்டம் கலைந்தபின் ஜானகியம்மாள் அவளைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தாள்.

“கார் நல்லாப் போச்சுங்க. ஆவணியில சின்னவளுக்கு வச்சிருக்கறோம், அதுக்கும் அனுப்பீருங்க. புது பேட்டரிங்களா? ஆரு பாத்து எடுத்தது?”

“நாந்தானுங்க” என்று மாரக்காள் தலையை நிமிர்த்தினாள். ஜானகியம்மாள் இரண்டடி போனபின், மனசு கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டாந்தடவை.”