புதன்கிழமை டாக்டருக்காகப் பின்னிய கூடைகள்

கூடை பின்னும் புது பிளாஸ்டிக் ஒயர்க் கட்டைப் பிரித்ததும் ஒரு நெடி கிளம்பும். மண்ணெண்ணெயும் ரப்பர் செருப்பும் கலந்தாற்போன்ற அந்த வாசனை, அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க, தாராவியில் எங்கள் "கோலி"க்குள் நிறைந்திருந்தது. ஒற்றை அறை வீட்டுக்கு பம்பாயில் நாங்கள் சொல்லும் பெயர் அது. அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயது.

அந்த மழைக்குச் சற்று முன்புதான் பக்கத்துக் கோலி பேச்சியம்மாள் அத்தை இறந்திருந்தாள். மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கை ஒருவரிடமும் சொல்லாமல், பழஞ்சேலைகளைத் துவைத்துத் துவைத்து மறைத்து வந்தவள், ஒரு காலையில் குழாயடியில் குடத்தோடு சரிந்தாள். கைவண்டியில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் உடலாகத்தான் திரும்பினாள். "ஏன் முன்னமே காட்டல?" என்று அவள் கணவர் மாடசாமி மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாதான் கடைசியில் பதில் சொன்னாள்: "ஆம்பள டாக்டர்ட்ட இத எப்பிடிண்ணே சொல்லுவா? ஒங்ககிட்டயே சொல்லலயே."

வேற்று மனிதர் முன்னால் வாய் திறக்காத அம்மா, அடுத்த வாரமே இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவிலிருந்த ஒரு மராட்டி டாக்டரம்மாவிடம் போனாள். புதன்கிழமை மத்தியானங்களில் காசு வாங்காமல் வந்து பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தாழ் போட ஓர் அறை, பரிசோதிக்க ஒரு மேசை, மறைப்புத் திரை, கருவிகள், மருந்துகள் எல்லாம் வேண்டும். அறைக்கு மாடசாமி மாமா தன் கோலிச் சாவியைக் கொடுத்துவிட்டார். மற்றவற்றுக்கு அம்மாவிடம் இருந்தது ஒயர் கூடை பின்னத் தெரிந்த கை மட்டுமே.

தண்ணீர் பிடித்து, சோறாக்கி, ஆண்கள் பட்டறைக்குப் போனபின் பெண்கள் எங்கள் கோலியில் கூடுவார்கள். "சிவன் கண்" முடிச்சை இறுக்கி இறுக்கி விரல் நுனிகள் வெடித்தன. துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு பின்னினார்கள். முதலில் அரிசி விலை பேசினார்கள். பிறகு ஒருநாள், ஒருத்தி தலை நிமிராமலே தன் உடம்பில் உள்ளதைச் சொன்னாள். யார் கையும் நிற்கவில்லை. கொஞ்சம் கழித்து அடுத்தவள் தொடங்கினாள். "ஏட்டி, நீ வெளிய போ" என்று என்னை விரட்டினாலும் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு குடத்தை அநாயாசமாகத் தூக்கிப்போகும் இந்தப் பெண்களா இத்தனை வலியோடு நடக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கூடைகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து மாட்டுங்கா மார்க்கெட் வாசலுக்குப் போனோம். வெகுநேரம் ஒருவரும் நிற்கவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா, சட்டென்று தெருவே கேட்கும்படி சொன்னாள்: "பொம்பளையளப் பாக்க ஒரு டாக்டரம்மா வாராங்க. இது அதுக்கு மேசை, மருந்து வாங்க. எங்க சந்துல ஒருத்தி வெக்கத்துலயே செத்துப்போனா." கறிகாய் பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. என் அம்மாவின் தொண்டையில் அப்படியொரு குரல் இருந்ததை நான் அறிந்ததில்லை. யாரோ புதியவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் வைரத்தோடு போட்ட ஒரு மாமி. நான்கு கூடைகளை எடுத்துக்கொண்டவர், போகாமல் அம்மாவிடம் குனிந்து, "அந்த டாக்டர்கிட்ட நானும் வரலாமோ? எங்காத்துல யாருக்கும் தெரியாது" என்றார்.

"புதங்கெழம வாங்கம்மா. நான் கூட இருக்கேன்" என்றாள் அம்மா.

கூடைகள் தீர்ந்தன, மேசை வந்தது, திரை வந்தது. முதல் புதன்கிழமை சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அந்த மாமி எங்கள் சந்துக்கு வந்து, வரிசையில் எங்கள் பெண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். கருப்பையில் கட்டி என்று டாக்டரம்மா கண்டுபிடித்து அறுவைக்கு அனுப்பினார். பிழைத்து வந்து, பல வருஷம் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது அந்த மாமிதான்.

இன்று அந்தக் கோலி இல்லை, அந்தச் சந்தே இல்லை; அங்கே நிற்கும் அடுக்குமாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஓர் இளம்பெண் தன் ரிப்போர்ட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து தனியே உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு என்ன உபாதை என்பதை முதலில் சொன்னேன்.