கிழங்கு அரைக்கக் கண் எதற்கு?

நான் வடிவமைத்த முதல் இயந்திரம் தண்ணீர் இறைக்கும் பம்பு. அது இறைத்ததில் பாதி என் சட்டையில்தான் விழுந்தது. அப்படிப்பட்ட ஆளிடம் அக்கா தன் மரவள்ளிக்கிழங்கு ஆலையை ஒப்படைத்தாள் என்றால், அதற்குக் காரணம் என் திறமை இல்லை. மாமாவின் விரல்கள்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஆலையில் கழுவிய கிழங்கை அரவைத் தொட்டிக்குள் கையால்தான் தள்ள வேண்டும். உள்ளே ரம்பப் பற்கள் பதித்த உருளை சுற்றும். சிக்கிக்கொண்ட ஒரு கிழங்கைத் தள்ளப்போய், மாமாவின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே ஒருத்தர் கையும் அந்தப் பல்லுக்கிட்ட போகக் கூடாதுக்கா. எல்லாத்தையும் நான் ஆட்டோமேட்டிக்கா மாத்திடறேன்."

வலியோடு மாமா கண்ணைத் திறந்தார். "அப்ப மிச்ச விரலும் போச்சு" என்றார்.

என் பட்டறையில் வேலையை ஆரம்பித்தேன். கிழங்கைக் கீழே கொட்டினால் ஒரு பெல்ட் மேலே ஏற்றிக்கொண்டு போகும். தொட்டிக்கு மேல் நீளமான கூண்டு. எவ்வளவு எட்டினாலும் கை பல்வரை போகாது. தொட்டியின் வாயில் ஓர் எலக்ட்ரானிக் கண். தொட்டி நிறைந்து கண்ணை மறைத்தால் பெல்ட் நிற்கும், காலியானால் ஓடும். வரைபடத்தைப் பார்த்து நானே என்னைக் கட்டிக்கொள்ளாத குறை.

வெள்ளோட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். பெல்ட் ஓடியது, கிழங்கு ஏறியது, நான் பேச ஆரம்பித்தேன். எதிர்காலம், முன்னேற்றம் என்று ஏதேதோ வந்தது. பேச்சின் நடுவே பெல்ட் நின்றுவிட்டது.

அரைபடும் கிழங்கிலிருந்து தெறித்த பால் கண்ணில் வெள்ளையாக அப்பியிருந்தது. கண் மறைந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். உள்ளே உருளை வெறுமனே சுற்ற, தொட்டி நிறைந்த திருப்தியில் பெல்ட் அசையாமல் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணைத் துடைத்தேன். ஓடியது. கீழே இறங்குவதற்குள் நின்றது.

"ஆளே வேணாம்னு சொன்னியேடா?" என்றாள் அக்கா.

"வேணாம்தான்க்கா. நான் ஒருத்தன் போதும்."

கிழங்கு கழுவும் அம்மாக்களில் ஒருவர் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார்: "விடுங்கம்மா, துடைக்கிற மெஷினாவது நல்லா ஓடுதே."

கண்ணுக்கு ஒரு கண்ணாடி மூடி போட்டேன். பால் மூடியில் அப்பியது. துடைக்க ஒரு பிரஷ் வைத்தேன். அது பாலைச் சமமாகப் பூசிவிட்டது. கடைசியில் நானே துணியும் கையுமாக ஸ்டூலில் குடியேறினேன். துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், கண்ணின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தொட்டியைப் பார்க்காமலே காதால் கேட்டு, சுவிட்சில் பெல்ட்டை நிறுத்தவும் ஓட்டவும் ஆரம்பித்தேன். தொட்டி நிறைந்தால் உருளையின் மோட்டார் முக்கும். காலியானால் லேசாகப் பாடும்.

மதியச் சாப்பாட்டோடு வந்த என் மனைவி, நான் ஸ்டூலில் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, உக்காந்துகிட்டே தூக்கமா?"

"இல்ல. மோட்டார் முக்குறதக் கேக்குறேன். அது முக்குனா நிறுத்துவேன்."

"மோட்டார் முக்குனா கேக்குது. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது."

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் காதுக்கே கேட்கிறதென்றால் மீட்டருக்குத் தெரியாதா? திணறும் மோட்டார் கூடுதலாகக் கரண்டை இழுக்கும். அதை அளந்து பெல்ட்டை நிறுத்தினால் போதும், கண்ணே வேண்டாம். இது நான் படித்துத் தேறிய பாடம்தான். முதல் வகுப்பில் வேறு.

இரண்டாவது வெள்ளோட்டத்தை யாருக்கும் சொல்லவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்து மாமா வந்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் அரவைக் கொட்டகைப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. பெல்ட்டின் அடியில் நின்று ஒரு கூடைக் கிழங்கைக் கொட்டினார். கிழங்குகள் ஏறின. மோட்டார் முக்கியது, பெல்ட் நின்றது. என் கை பழக்கதோஷத்தில் துணியைத் தேடியது. அதற்குள் முக்கல் தணிந்து, பெல்ட் தானாகவே நகர்ந்தது.

மாமா அடுத்த கூடையையும் கொட்டினார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவர் அன்று மூன்றாவது கூடையைத் தூக்கப் போனார். நான் ஏற்கெனவே முறுக்கியிருந்த போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சு பரவி, வேறோர் ஆலைக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். இந்தத் தடவை ஸ்டூல் எடுத்துப் போகவில்லை, அவ்வளவு தெம்பு. சுவிட்சைப் போட்டேன். பெல்ட் பின்பக்கமாக ஓடி, முன்கூட்டியே அதில் பரப்பி வைத்திருந்த கிழங்கையெல்லாம் அவர் காலடியில் கொட்டியது. இரண்டு ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "இதுவும் ஆட்டோமேட்டிக்தானா?"

"இல்லைங்க," என்றேன், "இது என் கைவேலை."