பின் கேட்டு நிழல்

அந்தப் பள்ளியில் விசில் என்றால் விளையாட்டு வாத்தியார்தான். அவர் ஊதினால் சுவரில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள்கூட உயரவாரியாக வரிசையில் நிற்கும். நம்பாதவர்கள் காக்கைகளையே கேட்டுக்கொள்ளலாம்.

மணி அடித்தபின் வருகிறவர்களைப் பிடிப்பது அவர் பொறுப்பு. சிக்கினால் முதல் பீரியட் முழுக்க மைதானத்தில் நிற்க வேண்டியதுதான். "என் விசிலுக்குக் கண்ணு கிடையாது, எல்லாரும் ஒண்ணுதான்" என்று மார்தட்டிக்கொள்வார்.

ஒருநாள் கணக்கு டீச்சர் வந்து, "சார், மின்னல் இந்தத் தடவை ஓட்டப் பந்தயத்துக்கு வர மாட்டா" என்றார்.

விசில் வாத்தியாருக்குப் பகீரென்றது. மின்னல் ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் ஓடினால் அவள் நிழல் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேரும். ஒரு கோப்பைகூட வாங்காமல் ஓய்வு பெறப் போகிறோமே என்று கலங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அவள்தான் ஒரே நம்பிக்கை.

"கணக்குல ஃபெயில். மறுதேர்வுல தேறினாத்தான் போட்டிக்கு அனுப்புவாங்க."

"நீங்க ஒழுங்காச் சொல்லிக்கொடுத்தா ஏன் ஃபெயிலாகுது?"

"முதல் பீரியட் என்னோடது. அவ உங்க மைதானத்துலதானே நிக்கிறா!"

"லேட்டா வந்தா நிக்கத்தான் வேணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"எல்லாருக்குமா? நிக்கிறதெல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களாவே இருக்கே, அதெப்படி சார்?"

அதெப்படி? விசிலுக்குத் தலை சுற்றியது. அந்தப் பக்கத்தின் மேல் அவருக்கென்ன பகை? அவரே அங்கே பிறந்தவர்தான்.

மறுநாளும் மின்னல் தாமதம். "இவ்வளவு வேகமா ஓடுறவளுக்கு எப்படிடி லேட்டாகுது?"

"தம்பிய பாலர் பள்ளியில விட்டுட்டு வரணும் சார். அவனுக்கு ஓட வராது."

"சரி, உங்க பக்கத்துப் பிள்ளைங்க மட்டும் ஏன் லேட்டா வர்றீங்க?"

"முன் கேட்டுலயும்தான் லேட்டா வர்றாங்க. கார்ல வந்து இறங்குவாங்க. நீங்க எப்பவும் கால்வாயைப் பார்த்த இந்தப் பின் கேட்டுலதானே நிக்கிறீங்க?"

"நான் ஏன் இங்க நிக்கிறேன்?" தன்னைத்தானே கேட்பதுபோல் கேட்டார்.

"இங்கதான் சார் மர நிழல் இருக்கு."

விசில் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் முன் கேட்டில் வெயிலில் நின்றார். காரில் இறங்கியவர்கள் கும்பலாகச் சிக்கினார்கள். ஆஹா, ஒரே சட்டம்! என்று பூரித்தவருக்கு, பின் கேட்டு காலியாகக் கிடப்பது அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினார். பிடிபட்ட கும்பலும் பின்னாலேயே வந்தது. எதிரே, தம்பியை விட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள் மின்னல்.

பழக்க தோஷம், ஊதிவிட்டார். அவள் மைதானத்தில் போய் நின்றாள்.

"அங்க ஏன்டி நிக்கிற? ஓடு!"

"எங்க சார்?"

"கணக்குக்கு ஓடுடி!"

அவள் பறந்தாள். காரில் வந்த ஒருவன் கேட்டான்: "அப்போ நாங்க மட்டும் ஏன் சார் நிக்கணும்?"

விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். யாருடைய சாமானோ என்பதுபோல் அதைப் பார்த்தார். "எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றார். சொன்னது சரியா தப்பா என்று அவருக்கே விளங்கவில்லை.

கணக்கு வகுப்பு ஜன்னலில் மின்னலின் குனிந்த தலை தெரிந்தது. தேறுவாளா? தெரியாது. முதல் பீரியட் முடியும்வரை மைதானத்தில் நின்றது விசில் ஒருவர்தான். சுவரில் காக்கைகள் வரிசை கலைந்து, இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தன.